அச்சில் இல்லாத மெட்டு

பிள்ளைகளே, பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்கிற வேலைக்கு நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். சிலர் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில், சிலர் உங்கள் ஊர் மாதா கோயிலில். என் வீட்டிலும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். விரலை இப்படி மடக்கு, முதுகை அப்படி நிமிர்த்து என்றெல்லாம் எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று அவள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள். அதனால் விரலைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன். அதில் ஒரு மலை, கொஞ்சம் புளி, ஒரு ஜெர்மன் பாட்டு, மூன்றும் வருகின்றன.

நான் பத்தாவது வரை படித்தவன். கணியம்பாடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கீபோர்டு வாசிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பேன், முகூர்த்த நாளில் கல்யாணத்தில் வாசிப்பேன். எங்கே வாசித்தாலும் கீபோர்டில் ஒரு பட்டன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் கொஞ்சம் இறக்குங்க மாஸ்டர் என்பார். பட்டனை அமுக்கினால் சுதி இறங்கிவிடும், என் விரல்கள் அதே வெள்ளைக் கட்டைகளில் ஓடிக்கொண்டிருக்கும். கறுப்புக் கட்டைகளை நான் பெரும்பாலும் துணியால் துடைப்பதற்காகத்தான் தொட்டிருக்கிறேன். நிஜப் பியானோவில் அந்தப் பட்டன் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் கோயில் பாட்டுக் குழுவில் ஜெசிந்தா என்று ஒரு பெண். மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. நல்ல குரல். சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் சேர்ந்து முறையாகக் குரல் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அம்மா ஆரோக்கியமேரி ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணச் சம்மதித்திருந்தார். இடம் கிடைக்கவில்லை என்றால் போளூரில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஜெசிந்தா சரி சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை நல்லவர், சொந்தமாக உரக்கடை வைத்திருப்பவர், குடிக்கமாட்டார். அதுதான் ஜெசிந்தாவுக்குப் பெரிய தொந்தரவு. குறை சொல்லித் தட்டிக்கழிக்க வழியில்லை.

கல்லூரிக்காரர்கள் வீடியோ கேட்டிருந்தார்கள். நிஜப் பியானோ இருக்க வேண்டும். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தெரிய வேண்டும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும். பாட்டு எந்த வகை என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. பெரிய மண்டபம் தேவையில்லை, ஒரு வீட்டின் முன்னறை போதும். ஒருவர் பாடுவார், ஒருவர் பியானோ வாசிப்பார், கொஞ்சம் பேர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். ஒரு கவிதையை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வதுபோல் பாடுவார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பாடுகிற பாட்டு இல்லை அது. அதே காலத்தில் பியானோவுக்கென்றே சின்னச் சின்னதாக எழுதியும் வைத்தார்கள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். தூக்கம் வராத ஆள் தனக்குள் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும். ஜெசிந்தா அவற்றில் இரண்டைக் கொடுத்து, சத்தம் போடாமல் வாசித்துப் பழகுங்கள் அங்கிள் என்றாள். நான் சத்தம் போடாமல் வாசித்ததை என் மனைவி பார்த்துவிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

ஜெசிந்தா எடுத்திருந்த பாட்டில் ஒருவன் சாயங்காலம் ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறான். உள்ளே இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நின்று பார்க்கிறான், சொல்லாமலே திரும்பிப் போகிறான். அவ்வளவுதான் கதை. மூன்று பத்தி, மூன்றுக்கும் ஒரே மெட்டு. நிறையக் கறுப்புக் கட்டைகள்.

தாளை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பியானோ வாசிக்க வேண்டிய வரிகளில் மெட்டே இல்லை. இடது கை ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது, வலது கை அங்கங்கே இரண்டு மூன்று சுரத்தைச் சொட்டுகிறது. ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு காலி இடம் வேறு. அச்சடித்தவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கோயிலில் நாம் எப்படி வாசிப்போம்? ஜனங்கள் பாடும் மெட்டை வலது கையில் பலமாக வாசிப்போம். அடி முடிந்ததும் அதன் வாலை ஒருமுறை திருப்பி வாசித்து அடுத்த அடிக்கு எடுத்துக் கொடுப்போம். அப்படி வாசிக்காவிட்டால் ஜனம் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஆகவே பென்சிலை எடுத்தேன். விட்டுப்போன மெட்டை நானே எழுதிச் சேர்த்தேன். காலி இடங்களில் வாலையும் சேர்த்தேன். அச்சகத்துக்கு உதவி செய்த திருப்தி எனக்கு.

ஜெசிந்தா ஒருமுறை மட்டும் கேட்டாள். “நான் கேட்ட ரெக்கார்டுல இப்புடி இல்லியே அங்கிள்.”

அங்கே பாடுகிறவர்கள் பழகினவர்கள், நமக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டாமா என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நன்றாகப் பாடவும் பழகிவிட்டாள்.

வீடியோவை வேலூரில் ஒரு மண்டபத்தில் எடுப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் அந்த மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டார்கள். அனுப்புவதற்கு மறுநாள்தான் கடைசி நாள். வேறு பியானோ எங்கே என்று தேடியதில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஓர் ஊரில், விடுமுறைக்குப் பூட்டிக்கிடக்கும் மாணவர் விடுதியில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே போளூருக்குப் போய் மலைப் பஸ் பிடித்தோம். ஆரோக்கியமேரியும் கூட வந்தார். போளூரில் உரக்கடையைத் தாண்டும்போது மகளின் தோளைத் தொட்டு, கடையில் நல்ல கூட்டம் பார் என்று காட்டினார். ஜெசிந்தா மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

விடுதிச் சாவி செல்லியம்மா என்கிற மலைக்காரப் பெண்மணியிடம் இருந்தது. கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் அவரும் அவர் சொந்தக்காரப் பெண்களுமாகப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்கிற வேலை. சாயங்காலம் வியாபாரியின் வண்டி வருவதற்குள் முடிக்க வேண்டுமாம். பியானோமேல் சாமை மூட்டைகள் இருந்தன. இறக்கிவைத்து மூடியைத் திறந்தால் உள்ளே குளவி ஒன்று மண்கூடு கட்டிவைத்திருந்தது. அதையும் எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். சுமாராகச் சுதி சேர்ந்தது. ஒரு கட்டை மட்டும் அமுக்கினால் எழுந்து வர யோசித்தது. அது நமக்கு வேண்டாத கட்டை.

போனை ஒரு சாமை மூட்டைமேல் சாய்த்து வைத்துத் தொடங்கினோம். முதல் பத்தியின் பாதியிலேயே ஜெசிந்தா நிறுத்திவிட்டாள். எங்கள் தாளம் ஒன்று, தாழ்வாரத்துப் புளியின் தாளம் இன்னொன்று. நான் வெளியே போய், கொஞ்ச நேரம் தட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். செல்லியம்மா நல்ல மனுஷி. சரி என்று கட்டையைக் கீழே வைத்தார். வேலையை நிறுத்திவிட்டு வெளியே என்ன செய்வது? எல்லாரும் எழுந்து உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆரோக்கியமேரியும் அவர்களோடு உட்கார்ந்தார்.

அடுத்த முறை முதல் பத்தி அருமையாகப் போனது. இரண்டாவது பத்தியில் ஆரோக்கியமேரி முனக ஆரம்பித்தார். மெட்டுப் பழகிவிட்டதல்லவா? அடி முடிந்தது, நான் வாலைத் திருப்பி வாசித்தேன். உடனே சுவரோரத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்த அடியை வாங்கிப் பாடினார்கள். ஜெர்மன் சொல் தெரியாததால் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவுக்கு ஒரு வாரமாகச் சரியாக வராத சொல் அது. அவர்களுக்குச் சுத்தமாக வந்தது.

ஜெசிந்தா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

நான் எழுந்து, தயவுசெய்து யாரும் பாடக்கூடாது, இது ஒருத்தரே பாடுகிற பாட்டு என்று விளக்கினேன். எல்லாரும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையாட்டினார்கள். ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் முறை தொடங்கினோம். இரண்டாவது பத்தியில் முந்தானை நழுவியது. அடி முடிந்தது, நான் வாலை வாசித்தேன், சுவரோரம் மறுபடியும் பாடியது. இந்த முறை இன்னும் தைரியமாக.

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். “எனக்கு சீட்டு கிடைக்க கூடாதுன்னே பண்றியாம்மா?”

ஆரோக்கியமேரியின் முகம் வாடிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும். செல்லியம்மாதான் பேசினார், என்னைப் பார்த்து.

“அவங்க மேல இன்னா தப்பு? ஒவ்வொரு அடியும் முடிஞ்சா நீதான எடுத்து குடுக்கற? எங்க ஊர்ல ஒருத்தி எடுத்து குடுத்தா மத்தவங்க வாங்கி பாடணும். வாங்காத சும்மா குந்தினு இருந்தா பாடறவளுக்கு மரியாதையா அது?”

“கோயில்லயும் மாஸ்டரு இப்புடித்தான் வாசிப்பாரு,” என்று ஆரோக்கியமேரி சேர்த்துக்கொண்டார். “எங்கள கூப்புட்டுட்டு பாடாதன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. தாளில் காலி இடமாக இருந்தது அச்சகத்தின் மறதி இல்லை. எழுதினவர் தெரிந்தே விட்ட இடம். ஜன்னலுக்குக் கீழே நிற்கிறவன் தனியாக நிற்கிறான். அவனுக்குத் துணையாக மெட்டைக் கொண்டுபோய் நிறுத்தினது நான். துணைக்கு ஒரு ஆள் வந்தால், அவன் பின்னால் ஊரே வருகிறது.

அப்படியென்றால் பென்சிலில் எழுதியதை விட்டுவிட்டு அச்சில் உள்ளதை வாசிக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜெசிந்தா ஒரு மாதமாக அந்தக் கைப்பிடியோடு பாடிப் பழகியவள். இப்போது போய் அதை எடுத்துவிடப் போகிறேன் என்றால் பாடத் தொடங்கும் முன்பே பயந்துவிடுவாள். பெண்களை வெளியே போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். செல்லியம்மா அதற்கும் பதில் வைத்திருந்தார். வெளியே போனால் புளி தட்டுவோம், உள்ளே இருந்தால் சும்மா இருக்க முயற்சி பண்ணுவோம், எது வேண்டும் சொல்லு என்றார். கூடவே, இன்னும் ஒரு தடவைதான், வண்டி வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புளி அவர்கள் பிழைப்பு.

ஆக, ஒரே ஒரு தடவை. நான் ஜெசிந்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. பழகினபடியே வாசிப்போம், வாலை மட்டும் கொஞ்சம் சத்தம் குறைத்து வாசிப்போம், பெண்களும் அடக்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவன் செய்கிற ஏற்பாடு அது.

தொடங்கினோம். முதல் பத்தி நன்றாகவே போனது. இரண்டாவது பத்திக்கு முன்னால் பியானோ மட்டும் கொஞ்சம் ஒலிக்கும். அப்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆரோக்கியமேரியின் முகவாய் மேலே எழுகிறது. செல்லியம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறார். பாவம், அவர்கள் அடக்கத்தான் பார்க்கிறார்கள். நான் கூப்பிடக் கூப்பிட எவ்வளவுதான் அடக்குவார்கள்? இன்னும் இரண்டு மூச்சில் பத்தி தொடங்கிவிடும். சத்தமாக வாசித்து அவர்களை அமுக்கலாம், ஜெசிந்தாவும் சேர்ந்து அமுங்கிவிடுவாள். நிறுத்தினால் மறுமுறை கிடையாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கைப்பிடியை எடுத்துவிடுவது. எடுத்தால் ஜெசிந்தா விழலாம். விழுந்தால் போளூர்.

எடுத்துவிட்டேன். மெட்டை விட்டுவிட்டு, அச்சில் இருந்ததை மட்டும், அந்தச் சொட்டுகளை மட்டும் வாசித்தேன்.

ஜெசிந்தா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. முதல் சொல் சற்றுத் தாமதமாக வந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரக்கப்பட்டு மெட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று தெரியும். இடது கையைச் சீராக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அடி முடிந்தது. காலி இடம் வந்தது. வலது கை பழக்கத்தில் கட்டைக்குப் போய்விட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

யாரும் வாங்கிப் பாடவில்லை.

வாங்குவதற்கு நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆரோக்கியமேரியின் வாய் திறந்தபடியே நின்றது, பிறகு மூடிக்கொண்டது. அடுத்த அடியை ஜெசிந்தா வேறு மாதிரி எடுத்தாள். குரலைச் சின்னதாக்கிக்கொண்டாள். அதுவரைக்கும் கோயிலின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் பாடிக்கொண்டிருந்தவள், இப்போது எதிரில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் பாடினாள். சுவரோரத்தில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். மூன்றாவது பத்தியில், சொல்ல வந்தவன் சொல்லாமல் திரும்புகிற இடத்தில், எனக்கே அடுத்த பக்கத்தைத் திருப்ப மறந்துபோகப் பார்த்தது.

அவள் பாடி முடித்த பிறகும் பியானோவுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கும். அவன் தெருவில் நடந்து போகிற மாதிரி, நாலைந்து வரி. கோயிலில் பாட்டு முடிந்ததும் ஆமென் வந்துவிடும், யாரும் நம்மைக் கடைசிவரை வாசிக்க விடமாட்டார்கள். அன்றைக்கு வாசித்தேன். பாட்டு முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாததால் கைதட்டலும் இல்லை. கடைசிச் சத்தம் அடங்கின பிறகு ஜெசிந்தா போய் போனை நிறுத்தினாள்.

செல்லியம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே என்னைக் கடிந்துகொண்டார். “பாதில அந்தப் பொண்ண ஒண்டியா வுட்டுட்டியே ஐயா. பாவம் இல்ல?” அப்புறம் ஜெசிந்தாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, புளிக்குப் போய்விட்டார்.

ஜமுனாமரத்தூர் வந்துதான் போனில் சிக்னல் கிடைத்தது. ஜெசிந்தா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவை அனுப்பினாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆரோக்கியமேரி அந்தச் சக்கரத்தைப் பார்த்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். கிடைக்க வேண்டும் என்றா, கூடாது என்றா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

“சொல்லாத கொள்ளாத கைய வுட்டுட்டீங்களே அங்கிள். வுழுந்துருந்தா?”

அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் பாடியிருப்பாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். இரண்டு மூச்சுக்குள் முடிவு பண்ண வேண்டியிருக்கும், முடிவு சரியாகப் போனாலும் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் அடிபடுவது அவர்கள்தானே, நாம் உட்கார்ந்துதானே இருக்கிறோம். நான் டீக்கு மட்டும் சொன்னேன். பஸ்ஸில் அவள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு காதில் இருந்த இயர்போனை எடுத்து அம்மாவின் காதில் வைத்தாள். ஆரோக்கியமேரி போளூர் வரும்வரை அதைக் கழற்றவில்லை. உரக்கடையைத் தாண்டினோம். இந்த முறை தோளைத் தொடவில்லை.

கல்லூரியிலிருந்து நேரில் வந்து பாடச் சொல்லி அழைப்பு வந்தது. பாடினாள், இடமும் கிடைத்தது. உரக்கடைக்காரர் வேறு ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்குக் கீபோர்டு நான்தான், பட்டனோடு.

ஆனால் நேரில் பாடப் போவதற்கு முந்தைய வாரம் நடந்ததையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேலூர் மண்டபம் காலியாக இருந்த ஒரு சாயங்காலம் அங்கே இருக்கும் பியானோவில் பயிற்சிக்கு வந்தாள். என்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. தாளை எடுத்து வைத்தேன். எப்படி வாசிக்கட்டும் என்று இந்த முறை முதலிலேயே கேட்டேன்.

“மொத அடியிலேர்ந்தே வுட்டுடுங்க,” என்றாள்.

விட்டேன். அப்போதுதான் தெரிந்தது, மெட்டு இல்லாமல் அந்தப் பாட்டை முதலிலிருந்து நான் ஒருமுறைகூட வாசித்ததில்லை. இரண்டாவது அடியிலேயே வலது கை வழி தவறியது. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே நான் என் சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிடித்திருந்த சுரத்தை இன்னும் ஒரு மூச்சுக்கு நீட்டிக்கொண்டே நின்றாள். என் விரல் வந்து சேர்ந்த பிறகு அடுத்த சொல்லை எடுத்தாள்.